ஜீப்பளவு வாசல்

தோஹா
செப்டம்பர் 8

நப்லா,

உனக்கும் மகள் நஜ்லாவுக்கும் ஸலாம். ஒவ்வொரு வெள்ளியும் தொலைபேசியில் சண்டை பிடிப்பதை விடத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புவது மேல் என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன். அறையில் என்னைத் தவிர எட்டுப் பேர் இருக்கிறார்கள். நான் பேனையும் கையுமாய் இருப்பதைப் பார்த்து, காக்காவுக்குப் பரீட்சை போல என்று வயதில் இளையவன் ஒருவன் கேலி பண்ணுகிறான்.

நீ காரைதீவில் சுதனின் டயர்க் கடைக்கு ஜீப்பைக் கொண்டுபோய்ப் பெரிய டயர் போடுவது பற்றி விசாரித்தாயாம். அதை எனக்குச் சொன்னது நீ இல்லை. ஊரிலிருந்து லீவு முடிந்து வந்தவன், சாப்பாட்டுக்கு இருந்த இடத்தில் எல்லார் முன்னாலும் சொன்னான். நான் இங்கே பாலைவனத்தில் ஓடுகிற ஜீப்புகளுக்குச் சில்லும் டயரும் தேர்ந்து பூட்டுகிறவன். அதில்தான் எனக்குச் சோறு. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பார்கள். அது நீதான்.

கோபம் டயரைப் பற்றியது மட்டும் இல்லை. வீடு உன் வாப்பா கட்டி உனக்குச் சீதனமாய்த் தந்தது. வயலும் அப்படித்தான். நம் ஊர் வழக்கம் அது, நான் குறை சொல்லவில்லை. உன் வீட்டுக்கு மாப்பிள்ளையாய் வந்து இருந்தவன் நான். அந்த வளவுக்குள் நான் கொண்டுவந்த என்னுடைய பொருள் ஜீப் ஒன்றுதான். அதையும் கேட்காமல் தொட்டால் நான் அங்கே யார்?

டிசம்பரோடு ஒப்பந்தம் முடிகிறது. மேலும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை. தெருப்பக்கத்து மூலையில் முந்திரி மரம் நிற்கிறதே, அந்த இடத்தில் தகரக் கொட்டில் அடித்து டயர்க் கடை போட வேண்டும். நான்கு வருடமாய் அந்த மூலையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை ஜீப்பில் யாரையும் கை வைக்க விடாதே. டயரை நான் பார்த்துச் சொல்கிறேன்.

ஸஹீத்

*

கல்முனைக்குடி
செப்டம்பர் 15

மச்சான்,

வ அலைக்குமுஸ்ஸலாம். கடிதத்திலும் உங்கள் குரல் உயர்ந்துதான் கேட்கிறது. பரவாயில்லை, இதிலே நான் சொல்லி முடிக்கும் வரை நீங்கள் குறுக்கே கதைக்க ஏலாது.

போன மாரியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு முழுதாய்ச் சொல்லவில்லை. வாப்பா பாரிசவாதத்தில் விழுந்த பிறகு வயலுக்குப் போய்வருகிறவள் நான் என்பது உங்களுக்குத் தெரியும். பசளை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வயல் வட்டைக்குப் போகிற வழியில் ஜீப் களிக்குள் இறங்கிவிட்டது. சில்லு சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. நம் வயலைப் பார்க்கிற முல்லைக்காரர் சாமித்தம்பி டிரக்டர் கொண்டுவந்து இழுக்கும் வரை, அபாயாவைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றேன். பின்நேரம் நான் வீடு வர முன்னமே கதை வந்துவிட்டது. உம்மா ஒரு பாட்டம் அழுதா. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று விட்டுவிட்டேன். பசளை நனைந்ததுதான் எனக்குத் துக்கம்.

இந்த மாரியிலும் அப்படி நிற்க நான் தயாரில்லை. அதனால்தான் சுதனிடம் போனேன். அவன் விளங்கப்படுத்தினான். நம் வட்டைப் பாதையில் மேலே குழைசேறு, கீழே இறுக்கமான தரை. உயரமான, ஒடுங்கிய டயர் போட்டால் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே இறங்கித் தரையைப் பிடிக்குமாம். அகலமான டயர் மேலே மிதந்து வழுக்குமாம். "ராத்தா, கத்தி சேத்துக்குள்ள இறங்கும், தட்டு இறங்காது" என்று அக்காவுக்குச் சொல்வதுபோல் சொன்னான். சிறிய லொறிக்குப் போடுகிற ஒடுங்கின டயரும் இரும்பு றிம்மும் நம் ஜீப்புக்குச் சரியாய் இருக்குமாம்.

ஜீப் உங்களுடையதுதான். சேறு என்னுடையது. அதனால் கேட்டேன்.

முந்திரி மரத்து மூலையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை இப்போது இல்லை, மறுகா எழுதுகிறேன். நஜ்லாவை ஓதக் கொண்டுபோக வேண்டும்.

நப்லா

*

தோஹா
அக்டோபர் 2

நப்லா,

சுதன் கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் ஒடுங்கின டயரைச் சொல்வது கையில் அதுதான் இருக்கிறது என்பதால். நான் பார்க்காத டயரா? மணலில் காற்றைக் குறைத்துவிட்டு அகல டயரில் போனால் வண்டி ஒட்டகம் மாதிரிப் போகும். மணலும் சேறும் இளகின நிலம்தானே.

இனி வாதம் வேண்டாம். சில்லு நாலும் கப்பலில் வருகிறது. பழைய டயரை விட நன்றாய் உயரம், அகலம் ஒன்றரை மடங்கு. கறுப்பு அலோய் றிம், டயர் மட்காட்டுக்கு வெளியே தள்ளி நிற்கும். கடை மூடின பிறகும் நின்று நானே தேர்ந்தேன். முதலாளி என்னைப் பார்த்து, மகளுக்கு நகை எடுக்கிறாயா என்று சிரித்தார்.

பூட்டின பிறகு இரண்டு விசயம் கவனி. பெரிய சில்லுக்கு இழுவை குறையும், ஏற்றத்தில் ஒரு கியர் குறைத்துப் போ. வேகம் காட்டுகிற முள்ளும் பொய் சொல்லும். நீ ஓடுவது கூட, அது காட்டுவது குறைய. முள்ளை நம்பிப் பிரேக்கைப் பிந்தாதே.

ஜீப்பை முந்திரி மரத்தடியில் நிறுத்தி ஒரு படம் எடுத்து அனுப்பு. கொட்டிலின் கூரை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் முடிவு பண்ண வேண்டும். கிழக்கே சாய்த்தால் மழைத் தண்ணீர் தெருவுக்குப் போகும், மேற்கே சாய்த்தால் உன் குசினிக்கு வரும். இதையே நினைத்துக்கொண்டு நேற்று ஒரு சில்லுக்கு நட்டு இறுக்க மறந்துவிட்டேன். நல்ல வேளை, வண்டி வெளியே போகுமுன் கண்டேன்.

மறுகா எழுதுகிறேன் என்றாயே, என்ன அது? நீ மறுகா என்றால் எனக்கு நெஞ்சு அடிக்கும்.

ஸஹீத்

*

கல்முனைக்குடி
நவம்பர் 9

மச்சான்,

சில்லு வந்தது. சுதன் பூட்டித் தந்தான். உள்ளதைச் சொல்கிறேன், அழகு. காரைதீவிலிருந்து வருகிற வழியில் சாய்ந்தமருதில் ஆட்டோக்காரர் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான். ஸ்டியரிங்கை முழுதாய் ஒடித்தால் டயர் மட்காட்டில் உரசி அழுதது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

வீட்டுவாசலில்தான் வண்டி இறுகிப் பிடித்தது. கண்ணாடி இரண்டையும் மடித்து, வழமை போல் மெல்ல உள்ளே விட்டேன். இடப்பக்கச் சில்லு மதிலில், வலப்பக்கச் சில்லு வீட்டுச் சுவரில். முன்னுக்கும் போகாது, பின்னுக்கும் வராது. நஜ்லா பின்கதவால் இறங்கி ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிவந்தாள். டயரில் காற்றை இறக்கி, நாலு பேர் தள்ளி, சுவரிலும் மதிலிலும் கறுப்புக் கோடு விழுந்து ஒருவாறு வெளியே எடுத்தோம். ஜீப் இப்போது தெருவில் நிற்கிறது.

என்ன மதில் என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

தங்கச்சி பஸ்மினாவின் கலியாணம் இவ்வளவு சுறுக்காய் முடிந்தது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வீடு கேட்டார்கள். வாப்பாவிடம் வேறு காணி இல்லை. எனக்கு வளவில் வீடு கட்டித் தந்தவர் அவளுக்கும் அதே வளவில்தானே தர வேண்டும்? முந்திரி மரத்தைத் தறித்து, அந்த மூலையில் அவளுடைய வீடு எழும்பியிருக்கிறது. நடுவில் மதில். உங்கள் மூலை போய்விட்டது, மச்சான். எத்தனையோ வெள்ளிக்கிழமை சொல்ல வாயெடுத்தேன். நீங்கள் தகரம், கூரை என்று தொடங்கினால் என் வாய் மூடிக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதிலுக்கு நூல் பிடிக்கிற அன்று வாப்பா தன்னைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைக்கச் சொன்னார். சரியாய்க் கதைக்க வராத வாயால், "மருமகன்ட ஜீப் உள்ளுக்க வரணும். அத நிப்பாட்டி வெச்சி நூலப் புடி" என்று மேசனுக்குச் சொன்னார். ஜீப்பை வாசலில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு சாண் விட்டு, அந்த அளவுக்குத்தான் மதில் எழும்பியது. நீங்கள் விட்டுப்போன ஜீப்புக்கு வாசல் சரி. நீங்கள் அனுப்பின சில்லுக்குத்தான் காணாது.

நப்லா

*

தோஹா
நவம்பர் 15

நப்லா,

உன் கடிதம் வந்து சில நாள் ஆகிறது. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, எழும்பினால் கால் ஓடவில்லை.

பஸ்மினா எனக்கும் தங்கச்சி மாதிரி. அவளுக்கு வீடு கொடுத்தது பிழை என்று நான் சொல்ல மாட்டேன், அல்லாஹ் அவளுக்கு பரக்கத் செய்யட்டும். வாப்பா நூல் பிடித்த கதையை வாசித்துக் குளியலறைக்குப் போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அந்த மனிசன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை உன் மேல்தான். இல்லாத மரத்தின் அடியில் நான் கொட்டில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கிழக்கே சாய்க்கவா, மேற்கே சாய்க்கவா என்று உன்னிடமே கேட்டேன். நீ வாசித்துவிட்டு இருந்திருக்கிறாய். எட்டுப் பேர் முன்னால் ஊருக்குப் போய்க் கடை போடப் போகிறேன் என்று சொல்லித் திரிந்தவன் நான். இனி அவர்களுக்கு என்ன சொல்ல?

வந்தால் எங்கே இருக்க, என்ன செய்ய? காலையில் உன் ஜீப் வயலுக்குப் போகும். நான் உன் வீட்டு முன்னறையில் இருந்து தெருவைப் பார்க்க வேண்டும். வேலையில்லாத மாப்பிள்ளையை உன் ஊர் எப்படிப் பார்க்கும் என்று உனக்குத் தெரியும்.

ஒப்பந்தத் தாள் என் தலையணைக்குக் கீழே கிடக்கிறது.

ஸஹீத்

*

கல்முனைக்குடி
நவம்பர் 24

மச்சான்,

என் ஜீப் என்று எழுதியிருக்கிறீர்கள். செப்டம்பரில் அது உங்களுடையதாய் இருந்தது. கோபம் வந்தால் எனக்குத் தந்துவிடுவீர்கள் போல.

சொல்லாமல் விட்டது என் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீங்களும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். சேறு என்று ஒரு பக்கம் எழுதினேன், நீங்கள் மணலைப் பற்றிப் பதில் எழுதினீர்கள். வாசல் என்ன அகலம் என்று ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே எல்லாம் வெளியே வந்திருக்கும். ஊரை விட்டுப் போன அன்று எல்லாம் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கும் என்று நினைக்கிறீர்கள். நஜ்லாவுக்குப் போன பெருநாளைக்கு நீங்கள் அனுப்பின சட்டையும் அப்படித்தான், கை உள்ளேயே போகவில்லை. அவள் வளர்கிறாள், மச்சான்.

மழை தொடங்கிவிட்டது. உங்கள் சில்லைக் கழற்றிச் சுதன் கடையில் வைத்துவிட்டு, அவன் சொன்ன ஒடுங்கின டயரைப் போட்டேன். ஜீப்பைப் பார்த்தால் மெலிந்த காலில் கொக்கு நிற்கிற மாதிரி. உங்களுக்குப் பார்க்கப் பிடிக்காது. நேற்று வயலுக்கு அடிக்கக் கிருமிநாசினி கொண்டுபோனேன். போன முறை நின்ற அதே இடத்தில் தண்ணீர் நின்றது. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று சாமித்தம்பி முன்னால் கம்போடு நடந்தார். நான் கியரைக் குறைத்துப் பின்னால் விட்டேன். சில்லு முதலில் கொஞ்சம் இறங்கியது, என் உயிரும் இறங்கியது. பிறகு கீழே தரை பிடிபட்டது. ஸ்டியரிங்கில் அது கைக்குத் தெரிந்தது. நிற்காமல் போய்ச் சேர்ந்தேன்.

வயல் வாடியில் தேத்தண்ணி குடிக்கும்போது சாமித்தம்பி, "இந்தச் சில்ல ஆர் புள்ள தெரிஞ்சது, தம்பியா?" என்று உங்களைத்தான் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன். கோபத்திலும் உங்களை விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை. பிறகு வழி முழுக்க அழுதுகொண்டே ஓட்டினேன். நீங்கள் பக்கத்துச் சீட்டில் இருந்து குறை சொல்லிக்கொண்டு வந்தாலும் எனக்குப் போதும்.

நப்லா

*

தோஹா
டிசம்பர் 5

நப்லா,

டயரில் நீ சொன்னது சரி. இங்கே சதுப்பு நிலத்தில் வேலை செய்த ஒரு பழைய ஆளிடம் கேட்டேன், அவரும் கத்தி, தட்டு என்றுதான் சொன்னார். சுதனுக்கு என் ஸலாத்தைச் சொல். முன்சில்லு இரண்டையும் அடிக்கடி உற்றுப் பார், உள்பக்கம் தேய்ந்தால் அலைன்மென்ட் பிழை.

ஆனால் டயர் சரியானால் நான் எங்கே நிற்பது என்பது சரியாகுமா? கொஞ்ச நாளாய் எந்த வேலையும் ஓடவில்லை. வாடகைக்குக் கடை எடுத்தால் என்ன, சுதனிடமே கூலிக்கு நின்றால் என்ன என்று எல்லாம் யோசித்தேன். ஒன்றிலும் மனம் தரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தாளைக் கொடுக்க வேண்டும். கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருக்கிறேன். இரண்டு வருடம் ஓடிவிடும்.

அந்தச் சில்லு நாலையும் யாருக்காவது கொடுத்துவிடு. கண்ணில் பட வேண்டாம்.

ஸஹீத்

*

கல்முனைக்குடி
டிசம்பர் 6

மச்சான்,

உங்கள் கடிதம் வரும்போது மேசன் முன்னறைச் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசித்துவிட்டு, உடையுங்கள் என்றேன். இப்போது எழுதுகிற தாளிலும் சுண்ணாம்புத் தூசி, படத்தில் தெரியும்.

முன்னறை என்றால் எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கலியாணத்தன்று உங்களைக் கூட்டிவந்து இருத்திய அறை. கட்டிலையும் அலுமாரியையும் பின்னறைக்கு மாற்றிவிட்டேன். தெருப்பக்கத்துச் சுவர் முழுதாய்ப் போகிறது. அந்த இடத்தில் இழுத்து மூடுகிற ஷட்டர் வரும். அது டயர்க் கடை. மூலை போனால் போகட்டும், அறை இருக்கிறது.

உம்மா தலையில் கை வைத்துக்கொண்டு இருந்துவிட்டா. சீதன வீட்டை எங்கேயும் கூட்டிக் கட்டுவார்கள், பெருப்பிப்பார்கள். புருசனுக்காகச் சுவரை இடித்த பெண்ணை இந்தத் தெரு கண்டதில்லையாம். "குடுத்த வீட்ட இடிக்கிறது குடுத்தவங்கள இடிக்கிறது மாதிரி மகள்" என்றா. மேசனைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். வாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அவர் மதில் எழும்பின வாசல் பக்கம் பார்த்தார்.

பிறகு சொன்னார். "ஜீப்புக்கு அளந்தன். மருமகனுக்கு அளக்கல்ல. ஒடை."

முதல் அடியை பஸ்மினாவின் மாப்பிள்ளைதான் அடித்தார். அவருடைய வீட்டால் உங்கள் மூலை போனது அவருக்கும் உறுத்தியிருக்கிறது. தெருவில் நின்று ஆட்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சில்லு நாலையும் யாருக்காவது கொடு என்றீர்கள். கொடுக்க மாட்டேன். சுதன் தன் லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தான். உடைத்த சுவரால் நஜ்லாவும் நானும் ஒவ்வொன்றாய் உள்ளே உருட்டிவிட்டோம். எங்கள் வட்டைக்கு அது உதவாது. ஆனால் கடற்கரை மணலில் கரைவலை இழுக்கிறவர்களின் வண்டிக்கு அப்படிச் சில்லு வேண்டும் என்று இன்றைக்கே ஒருவர் எட்டிப்பார்த்துக் கேட்டுவிட்டுப் போனார். மணல் தெரிந்த ஆள் மாதக் கடைசியில் வருவார் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்க்காரி ஆக்காதீர்கள்.

கடை வீட்டுக்குள் இருக்கிறது, அதனால் அதுவும் என் சொத்து என்று நீங்கள் சொல்லப் போகிறீர்கள். சொல்லுங்கள், வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நப்லா

*

தோஹா
டிசம்பர் 7

நப்லா,

தாளை வெறுமையாய்த் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அறையில் எட்டுப் பேருக்கும் உடைந்த சுவரின் படத்தைக் காட்டினேன். ஒருவரும் கேலி பண்ணவில்லை.

இந்த முறை கேட்டுவிட்டே எழுதுகிறேன். ஷட்டருக்கு எத்தனை அடி விட்டிருக்கிறார்கள்? வண்டியின் முன்பாதியாவது அறைக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் மழைக்குள் நின்று சில்லு கழற்ற வேண்டிவரும். அங்கே இருக்கிறவள் நீ, நீ அளந்து சொல். மேசனைப் பூச வேண்டாம் என்று சொல். மிச்சத்தை நான் வந்து பூசுகிறேன்.

நஜ்லாவின் சட்டை அளவையும் அனுப்பு.

ஸஹீத்